கிட்டங்கிச் சுவர் கேட்டது

சிலுவைமுத்துவுக்கு அந்தக் கோபம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு. பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை தூங்கி எழுந்திருக்கிறார், சவரம் செய்திருக்கிறார், கோயிலில் முழங்கால் போட்டிருக்கிறார். எல்லாமே அந்தக் கோபத்தோடுதான். அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அளத்தங்கரைக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம்.

அன்று கைப்பேசியில் ஒரு படம் வந்திருந்தது. பெரியண்ணாச்சி ஆவுடைநாதன் கையை உயர்த்தி நிற்கிறார். பின்னால் உப்புக் குவியல். கீழே கொட்டை எழுத்தில் அவர் சொன்னதாக இரண்டு வரி:

“வந்தவனை வண்டி ஏத்து. ஏறாதவனைக் கட்டி ஏத்து.”

அனுப்பியவர்கள் பதினான்கு பேர். கோயில் பாடல் குழுவிலிருந்து வந்தது. சர்க்கரை நோயாளிகள் குழுவிலிருந்து வந்தது. பல் பிடுங்கிய டாக்டரும் அனுப்பியிருந்தார், கூடவே கும்பிடு போடும் இரண்டு கைகளோடு.

பெரியண்ணாச்சி உப்பளத் தொழிலாளர்களுக்காகக் கட்சி நடத்தியவர். செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் உயிரோடிருந்தவரை அந்தப் பக்கம் எங்கே பேசினாலும் மைக்செட் போட்டது சிலுவை சவுண்டு சர்வீஸ். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கூட்டங்கள். எந்த வாக்கியத்துக்கு எந்த இடத்தில் சோடா கேட்பார் என்று சிலுவைமுத்துவுக்குத் தெரியும். அந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயிலிருந்த பற்பசையை அவர் துப்பிய வேகத்தில் எதிர்வீட்டுக் கோழி இடம் மாறி உட்கார்ந்தது.

வெறும் பொய் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ‘முன்னோர் வாக்குச் சட்டம்’ என்று ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. நகராட்சிகளில் விவாதம் நடந்தால் நாற்காலிகள் உடைந்தன. நாற்காலிகளைக் காப்பாற்ற யாரோ புத்திசாலி கொண்டுவந்த சட்டம். ஒரு தலைவர் சொன்னது என்று சரிபார்க்கப்பட்ட வாக்கியத்தை, விவாதமே இல்லாமல் தீர்மானமாக்கிவிடலாம். தலைவர் யார் என்பதற்கு மூன்று நிபந்தனை. ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டத்தில் பேசியிருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் பேசியிருக்க வேண்டும். இறந்துபோயிருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் சட்டத்தின் உயிர். உயிரோடிருக்கிறவர் எழுந்து நின்று, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லித் தொலைத்துவிடுவார் அல்லவா.

அளத்தங்கரை நகராட்சித் தலைவர் தங்கத்துரை அந்த இரண்டு வரியை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்து வைத்திருந்தார். நிறைவேறினால், வெளியூரிலிருந்து வந்து உப்பளத்தில் வேலை பார்க்கும் அறுபத்து நான்கு குடும்பங்களும் முப்பது நாளில் லயன் வீடுகளைக் காலி செய்துவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும். அந்த இடத்தில் மண்டபம் வருகிறது என்று ஊரில் பேச்சு. அறுபத்து நான்கில் இருபத்தோராவது வீடு சுக்தேவுடையது. ஒடிசாக்காரன். பம்பு மெக்கானிக். பதினோரு வருடமாக அளத்தங்கரைத் தண்ணீரைக் குடிக்கிறவன், அதாவது என்ன கொடுத்தாலும் குடிக்கிறவன். சிலுவைமுத்துவின் ஒரே மகள் ரூபியைக் கட்டியிருந்தான்.

“அப்பா, நாங்க அவுக ஊரு கஞ்சாமுக்கே போயிருவோம்ப்பா,” என்றாள் ரூபி, கைப்பேசியைப் பார்த்தபடி. “அவுக அம்மை கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்காவ.”

“எவன் போகச் சொன்னான் உன்னய?”

“பெரியண்ணாச்சி.”

“பெரியண்ணாச்சி சொல்லல.”

“அத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க.”

சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு சிலுவைமுத்து ஆபீசுக்குப் போனார்.

மேற்கோள் சரிபார்ப்புப் பிரிவு மாவட்டத் தலைநகரில் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யாததால் அங்கே வரும் எல்லா மேற்கோள்களும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தன. சுவரில் யாரோ ஞானி சொன்னதாக ஒரு வாசகம் மாட்டியிருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ‘சரிபார்ப்பில் உள்ளது’ என்று ஒரு சீட்டு. அதிகாரி பெனாசிர், முப்பத்தைந்து வயது, காயல்பட்டினத்துப் பெண். சிரிப்பதற்கு முன் யோசிக்கிறவள்.

“அவுக சொல்லவே இல்லம்மா. எழுதிக்கிடுங்க,” என்றார் சிலுவைமுத்து, உட்காராமலே.

“எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

“இருநூத்திப் பன்னெண்டு கூட்டம். எல்லாத்துக்கும் செட்டு போட்டது நான். அவுக தும்முனா எந்தப் பக்கம் தும்முவாகன்னு எனக்குத் தெரியும். மைக்க மறுபக்கம் திருப்பி வைப்பேன்.”

“தும்மல சாட்சியா எழுத முடியாது.”

“பின்ன என்னத்ததான் எழுதுவிய? பேப்பர்ல இல்ல, ரேடியோல இல்ல, அப்ப எவன் கையிலயும் இந்தச் சனியன் பிடிச்ச போனும் இல்ல.”

“சுவர் இருக்கு.”

சிலுவைமுத்து அந்த அறையின் சுவரைப் பார்த்தார்.

“இது இல்ல. உங்க ஊர்ல உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கி இருக்குல்ல, அதோட சுவர். கூட்டம் எங்க நடந்ததுன்னு ஃபார்வர்டுலயே போட்டிருக்கு. நாப்பத்தாறு வருஷத்துக்கு முன்ன, கிட்டங்கித் திடல். ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. கட்சிக்காரங்க அந்தச் சுவருக்கு எப்ப வெள்ளையடிப்பாங்க?”

“கூட்டத்தன்னைக்கு மத்தியானம். முந்தின நாளே அடிச்சி வச்சா, எதிர்க்கட்சிக்காரன் வந்து அவன் பேர எழுதிட்டுப் போயிருவான்லா. வெள்ளையடிச்சது நாம, சுவரு அவனுக்கு.”

“அதான் விஷயம். கூட்டம் ஆரம்பிக்கும்போது சுண்ணாம்பு ஈரமா இருக்கு. உங்க ஒலிபெருக்கிக் குழாய் எதிர்ல நின்னு அலறுது. காயுற சுண்ணாம்பு பால் மாதிரி, மேல ஒரு ஆடை கட்டும். அந்த ஆடை சத்தத்துல நடுங்கும். நடுங்கினபடியே இறுகிரும். அஞ்சு வருஷம் கழிச்சு அதுக்கு மேல அடுத்த பட்டை, அதுக்கு மேல அடுத்தது. நாங்க ஒளிய உள்ள விட்டு ஒவ்வொரு பட்டையா படிப்போம். சுவருக்குச் சேதம் இருக்காது.”

“எல்லாம் கேக்குமா?”

“எல்லாம் கேக்காது. கூட்டத்துல பேசுறது, மேடையில வாயால பேசுறது எதுவும் பதியாது. அந்த நடுக்கத்துக்கு அவ்வளவு பலம் இல்ல. குழாய் வழியா வந்தது மட்டும்தான் சுவருக்குத் தெரியும்.”

“சுவரு பொய் சொல்லுமா?”

“அதுக்கு என்ன அண்ணாச்சி ஆதாயம்? ஓட்டா இருக்கு?”

சிலுவைமுத்துவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கோபம் குறையாமலேயே பிடித்தது.

“அவுக சொல்லியிருந்தாகன்னா,” என்றார் படியில் இறங்கும்போது, “நான் என் செட்டு அம்புட்டையும் கொண்டுபோய்க் கடல்ல போட்டுருதேன். அதையும் எழுதிக்கிடுங்க.”

அவள் எழுதிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் திடலில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். ஊரில் ரொம்ப நாளாக எதுவும் நடக்கவில்லை. பெனாசிர் கொண்டுவந்த கருவி இட்லிக் கொப்பரை அளவுக்கு இருந்தது. அதைச் சுவரோடு ஒட்டி வைக்க ஏணி வேண்டும் என்றாள். சுக்தேவ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். தன்னை ஊரை விட்டு அனுப்பலாமா என்று பார்க்க வந்த கருவிக்கு அவன்தான் ஏணி பிடித்தான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் அப்படித்தான், எங்கே ஏணி கண்டாலும் பிடிக்கிறவன்.

தங்கத்துரை வெள்ளைச் சட்டையில், இருபது ஆளோடு, இரண்டு பத்தாயிரம் வாலா வெடியோடு வந்து நின்றார்.

“என்ன அண்ணாச்சி, சுவரு என்ன சொல்லுது?”

“உம்ம மூஞ்சியில காறித் துப்பணும்னு சொல்லுது வே. கொஞ்சம் கிட்ட வாரும்.”

பட்டைகள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. முதல் பட்டை ஆற்றுப் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னது. அடுத்ததும் அதையே சொன்னது. இப்படி ஒன்பது பட்டைகள், மூன்று கட்சிகள், ஒரே பாலம். ஆறாவதில் அதை அகலப்படுத்துவதாகவும் ஒருவர் சொன்னார். எட்டாவது பட்டை, ஒரு சாவிக்கொத்து கண்டெடுக்கப்பட்டிருப்பதாக அறிவித்தது. “அது எங்கய்யாவோடது,” என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். “அதத் தேடியே செத்தாரு மனுசன்.”

பத்தாவது பட்டைக்கு வந்ததும் பெனாசிர் கையைக் காட்டினாள். கூட்டம் அடங்கியது.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு ஓர் இளைஞனின் குரல்: “அலோ... அலோ... மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.”

“ஏ, நம்ம சிலுவை அண்ணாச்சிலா,” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இருபத்துநாலு வயதுக் குரலைக் கேட்டு எழுபது வயது சிலுவைமுத்துவுக்கு வெட்கம் வந்துவிட்டது. ரூபி கூடச் சிரித்தாள்.

“தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்,” என்றது சுவர். கொஞ்சம் பாட்டு. “தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்.” மறுபடி பாட்டு. “தலைவர் வந்துகொண்டே இருக்கிறார், யாரும் கலைய வேண்டாம்.” ஐந்து மணி என்று நோட்டீஸ் போட்டால் எட்டு மணிக்கு வருவது பெரியண்ணாச்சியின் வழக்கம். நேரத்துக்கு வருகிற தலைவரை யாரும் தலைவர் என்று மதிக்காத காலம் அது.

பிறகு, டக், டக்.

பிறகு பெரியண்ணாச்சியின் குரல். அடிவயிற்றிலிருந்து எழும்பி, மூக்கில் லேசாக உரசி வரும் அதே குரல். முந்நூறு பேரில் வயசாளிகளெல்லாம் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள்.

“அளத்தங்கரைத் தாய்மாரே. நாம வேலைய நிறுத்திட்டுக் கஞ்சிக்கு நிக்கோம். வந்தவன் நம்ம அளத்துல எறங்கி நிக்கான். என்ன செய்யலாம்? நான் சொல்லுதேன். வந்தவனை வண்டி ஏத்து. ஏறாதவனைக் கட்டி ஏத்து.”

சிறிது நேரம் வெறும் கரகரப்பு. கடைசியில், மைக்குக்குத் தள்ளி நின்று யாரோ சொல்வது போல, அதே பெரியண்ணாச்சி குரல், இப்போது தாழ்ந்து: “செட்ட அணை வே.” அதோடு சுவர் நின்றுபோயிற்று.

தங்கத்துரை கையைத் தூக்கினார். முதல் பத்தாயிரம் வாலா வெடிக்க ஆரம்பித்தது. அது முடிகிறவரை யாரும் எதுவும் பேச முடியவில்லை. முடிந்ததும் கேட்ட முதல் சத்தம் சிலுவைமுத்துவுடையது.

“கள்ள மிசினு. எவன்ட்ட கை நீட்டுன நீ? செத்த மனுசன் வாயில மண்ண அள்ளிப் போடுத. நல்லாருப்பியா நீ? இறக்கு அத. இறக்குங்கேன்.”

பெனாசிர் கருவியை இறக்கவில்லை. ரூபி தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தாள். சுக்தேவ் ஏணியை விடவில்லை.

திட்டிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். திட்டுவதற்கு வார்த்தை இல்லாமல் போய் அவர் நிறுத்தியதை ஊர் பார்த்ததில்லை.

“எம்மா,” என்றார். “அந்த மொதல்ல ஒரு டக்கு டக்கு வந்துச்சுல்லா. அத மட்டும் போடு.”

டக், டக்.

“இன்னொருக்க.”

டக், டக்.

பெரியண்ணாச்சி மைக்கைத் தொட மாட்டார். சாண் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவார். பேசுவதற்கு முன் மைக்கைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுகிற பழக்கம் அந்த வட்டாரத்திலேயே ஒரே ஓர் ஆளுக்குத்தான் உண்டு. எழுபது வயதிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பு வாசிக்கும் முன்பும் அவர் தட்டுவார்.

கூட்டம் கலைகிற மாதிரி தெரிந்தால் மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பெரியண்ணாச்சி குரலில் ஒன்றிரண்டு வாக்கியம் பேசுவது சிலுவைமுத்துவின் கைவரிசை. எழுந்து நடக்க ஆரம்பித்தவர்கள் திரும்பி வந்து உட்காருவார்கள். தலைவர் எங்கோ மறைவில் நிற்கிறார், இதோ மேடைக்கு வருகிறார் என்று நினைப்பார்கள். கட்சிக்காரர்கள் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். நூறு திடலில் நூறு பேச்சு, எதை நினைவு வைத்துக்கொள்வது. அன்றைக்கு முதல் வாக்கியத்துக்கு விசில் வந்தது. இரண்டாவதுக்கு இன்னும் வந்தது. விசில் வரும் பக்கம் நாக்கு போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் பெரியண்ணாச்சி வந்துவிட்டார்.

“அது அவுக இல்ல,” என்றார் சிலுவைமுத்து. “நாந்தான்.”

“பாத்தியளா, மகளுக்காவ கெழவன் என்னமா புளுகுதாருன்னு,” என்றார் தங்கத்துரை. அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

பெனாசிர் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். “சரிபாக்கணும் அண்ணாச்சி. அதே குரல்ல, அதே வார்த்தைய, நீங்க இப்ப சொல்லணும். கருவி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும். தொண்டைக்கு வயசானாலும் அது கண்டுபிடிச்சிரும்.”

“அந்த வார்த்தையவேயா? வேற எதுவும் சொன்னா ஆகாதா?”

“அதே வார்த்தைதான்.”

சிலுவைமுத்து கருவியோடு இருந்த மைக்கை வாங்கினார். கை தானாக இரண்டு தட்டுத் தட்டியது. அந்த இடத்தில் அவருக்கு எதிரே நின்றவர்கள் இரண்டு பேர்: ஏணியைப் பிடித்தபடி சுக்தேவ், கொஞ்சம் தள்ளி ரூபி. வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தார். வேறு பக்கம் தங்கத்துரை நின்றார்.

சொன்னார். முழுதும் சொன்னார். எழுபது வயதிலும் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. வயசாளிகள் சிலர் மறுபடி எழுந்து நின்றுவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து உட்கார்ந்தார்கள். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

“ரொம்ப நல்லா சொல்லுதிய மாமா,” என்றான் சுக்தேவ்.

யாரும் சிரிக்கவில்லை.

“அப்ப யாரு வந்திருந்தாவ?” என்று கேட்டான். “எங்க ஆளுவளா?”

“இல்ல மாப்ள. மானாமதுரப் பக்கத்து ஆளுவ. பதினாறு குடும்பம்.”

“ஏறாதவங்கள கட்டுனாங்களா?”

“கட்டுனாங்க.”

“எதுல?”

சிலுவைமுத்து மைக்கைக் கீழே வைத்தார். “குழாய மரத்துல கட்டுற கயிறு. நம்ம கயிறு. அவசரத்துக்கு அவிழ்த்துட்டுப் போனாங்க. மறுநா கொண்டாந்து குடுத்துட்டாங்க. நான் சுருட்டி வச்சேன்.”

ரூபியைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். “ஒனக்குத் தொட்டில் கட்டுனது அதுலதான்.”

சுக்தேவ் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, லயன் வீட்டுப் பக்கம் நடந்தான். ரூபி அவன் பின்னால் போனாள். சிலுவைமுத்துவிடம் பெனாசிர் மட்டும் மிச்சம் இருந்தாள்.

“கடைசில செட்ட அணைன்னு ஒரு குரல் வருதே, அது பெரியண்ணாச்சிதானா?”

“அது அவுகதான். மேடைக்கு வந்ததும் மொத வார்த்தையே அதான். குழாயில வந்தது எங்குரல் இல்ல, எங்குரல் இந்தா இருக்குன்னு, மைக் இல்லாம அர மணி நேரம் பேசுனாக.”

“என்ன பேசினாங்க?”

“தெரியாது.”

“நீங்க அங்கதான இருந்தீங்க?”

“ஏசிட்டாகன்னு கோவிச்சிக்கிட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால உக்காந்திருந்தேன். காது குடுக்கல. முன்வரிசையில நாலஞ்சு பேரு கேட்டிருப்பாங்க. எல்லாரும் செத்துப் போயிட்டாங்க.” சுவரைப் பார்த்தார். “இந்தா இதுவும் கேக்கல. குழாயில வந்தாத்தான் இதுக்குக் கேக்கும்.”

அந்த மனிதர் சொன்ன அரைமணி நேரப் பேச்சில் ஒரு வார்த்தைகூட உலகத்தில் மிச்சமில்லை. சிலுவைமுத்து பொழுதுபோக்குக்குச் சொன்னது மட்டும் கல்வெட்டு மாதிரி இருந்தது. அவருக்குத் தன்மேல் வந்த கோபம், செவ்வாய்க்கிழமை வந்த கோபத்தைச் சிறு பிள்ளையாக்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை தீர்மானம் விழுந்தது. பேசியவர் தலைவர் இல்லை, மைக்செட்காரர் என்று பெனாசிரின் சான்றிதழ் சொன்னது. அறுபத்து நான்கு குடும்பங்களும் அன்றைக்குச் சமைத்தன. ரூபி வீட்டிலிருந்து சிலுவைமுத்துவுக்குச் சோறு வந்தது. பேச்சு வரவில்லை.

சனிக்கிழமை காலை, அதே ஏழே காலுக்கு, கைப்பேசி அடித்தது. ஒரு படம். சிலுவைமுத்து மைக்கைப் பிடித்து நிற்கிறார், புதன்கிழமை எடுத்தது. பின்னால் அதே உப்புக் குவியல். கீழே அதே இரண்டு வரி. அதன் கீழே ‘அண்ணாச்சி சிலுவைமுத்து’ என்று பெயர். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக்: சரிபார்க்கப்பட்டது. பல் டாக்டர் இந்தத் தடவை நான்கு கைகளால் கும்பிட்டிருந்தார்.

பிழை கண்டுபிடிக்கச் சிலுவைமுத்து அதை மூன்று முறை படித்தார். ஒரு பிழையும் இல்லை. அவர் வாழ்க்கையில் பார்த்த ஃபார்வர்டுகளிலேயே முழுக்க உண்மையானது அது ஒன்றுதான்.

பத்து மணிக்குத் தங்கத்துரை வந்தார். மாலை, ஒரு சீப்பு மட்டிப் பழம், ஒரு கூடை ஆரஞ்சு, சத்துமாவு டப்பா.

“அண்ணாச்சி, உடம்புக்கு எப்படி இருக்கு?”

“உமக்கு என்ன வே திடீர்னு?”

“சுகர் எவ்வளவு இருக்கு? பிரஷர் பாத்தியளா? நெஞ்சுல எதுவும் வலி கிலி?” என்று அக்கறையாகக் கேட்டார் தங்கத்துரை. கூட வந்த ஒருவன் வீட்டு வாசலின் அகலத்தை அடியால் அளந்துகொண்டிருந்தான்.

சிலுவைமுத்து பெனாசிருக்குப் போன் போட்டார். அவள் வெகுநேரம் யோசித்துப் பேசினாள்.

“அன்னைக்கு அந்தத் திடல்ல போலீஸ் கணக்குப்படி நாலாயிரம் பேர் அண்ணாச்சி. ஒலிபெருக்கியில பேசியிருக்கீங்க. பேசினது நீங்கதான்னு சரிபாத்தாச்சு. நானேதான் பாத்தேன்.” மறுபடி யோசித்தாள். “சட்டப்படி நீங்க தலைவர். மூணாவது நிபந்தனை மட்டும்தான் பாக்கி.”

சிலுவைமுத்து வாசலை அளப்பவனைப் பார்த்தார். பாடை நுழையுமா என்று பார்க்கிறான்.

“நான் சொன்னத வாபஸ் வாங்குதேன். எழுதிக்கிடு.”

“எங்கிட்ட சொன்னாப் பத்தாது. சொன்ன மாதிரியே வாங்கணும். ஆயிரம் பேர் கூட்டம், ஒலிபெருக்கி. அப்பத்தான் செல்லும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கிட்டங்கித் திடலில் மாபெரும் வருத்தம் தெரிவிக்கும் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்தார். மத்தியானம் தன் கையால் சுவருக்கு வெள்ளையடித்தார். குழாயைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனபோது பழைய கயிறு அவரிடம் இல்லை. வியாழக்கிழமையே அதை எரித்திருந்தார். நைலான் கயிறு வாங்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் வந்துவிட்டார். குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்.

யாரோ குழாயின் மறுபக்கத்தைத் தூக்கினார்கள். சுக்தேவ். தோளில் நீலநிற பம்புக் கயிறு. மரத்தில் ஏறி, குழாயைச் சுவர் பார்க்கத் திருப்பி, இழுத்துக் கட்டினான். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“ஆயிரம் பேர் வர்ற வரைக்கும் நீங்க சாகக் கூடாது மாமா,” என்றான். “அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.”

அன்றைக்கு வந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஒருவர் நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்க வந்தவர். அடித்து விரட்டச் சொல்லும்போது நாலாயிரம் பேர் கேட்ட திடலில், தப்பு என்று சொல்லும்போது பதினேழு. சிலுவைமுத்து நகத்தால் தட்டாமல், சாண் தள்ளி நின்று, சொந்தக் குரலில் முழுதும் சொல்லி முடித்தார். ஈரச் சுவர் கேட்டுக்கொண்டது. சட்டம் கேட்கவில்லை.

அன்றோடு பீடியை விட்டார். விடியற்காலை கடற்கரையில் மூன்று மைல் நடை. உப்பு ஊரில் இருந்துகொண்டு உப்பில்லாக் கஞ்சி. ஆயிரம் பேர் சேர்கிறவரை மாதாமாதம் கூட்டம் போடுவது, அதுவரை சாவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். அளத்தங்கரையில் ஓர் ஆள் ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதில் நின்றது அதுவே முதல்முறை.

தங்கத்துரை போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று. செத்ததோடு மூன்றாவது நிபந்தனையும் நிறைவேறி அவரும் சட்டப்படி தலைவரானார். பாலத்தைத் தவிர வேறு எதையும் திடலில் சொன்னதில்லை என்பதால், அவருடைய வாக்கைத் தீர்மானமாக்கிப் பாலத்தைக் கட்டிவிட்டார்கள். இப்போது அவர் மகன் நகராட்சித் தலைவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆரஞ்சுக் கூடையோடு வருவான். மண்டபத்தின் வரைபடத்தைக் கக்கத்தில் வைத்திருப்பான்.

சிலுவைமுத்துவுக்கு இப்போது நூற்று மூன்று. போன மாதக் கூட்டத்துக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர் பேச்சைக் கேட்க வருகிறார்களா, இந்தக் கிழவர் இன்னும் இருக்கிறாரா என்று பார்க்க வருகிறார்களா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. தலைதான் கணக்கு. வாசலில் உட்கார்ந்து தலை எண்ணுகிறவள் ரூபி. அவள் அப்பாவோடு பேச ஆரம்பித்தது முந்நூற்று நாற்பது பேர் வந்த கூட்டத்தில். எண்ணிக்கையைச் சொல்லத்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

போன சனிக்கிழமையும் தங்கத்துரை மகன் வந்து கூடையை வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டான்: “தாத்தா, உடம்புக்கு எப்படி இருக்கு?”

சிலுவைமுத்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். ஒரு சுளையை வாயில் போட்டு, நிதானமாக மென்று, கொட்டையை அவன் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினார்.

“கோவமா இருக்கேன் வே,” என்றார். “வேற ஒண்ணும் இல்ல. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, இந்தக் கூடைக்குப் பதிலா பத்து ஆளக் கூட்டிட்டு வா.”